பதில்: உதவத் தயாராக இருந்தும் அக்கம்பக்கத்தார் ஒதுங்கியே போகிறார்கள்

குடிவந்து ஆறு மாதம் ஆச்சு, "எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டும் ஒருவரும் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்கமாட்டார்கள். எல்லாருக்கும் பொதுவாக அப்படிச் சொன்னால், முதலில் வாய்திறக்கிற சங்கடம் அவர்கள் தலையில்தான் விழும். "நாளைக் காலை மருந்துக்கடைக்குப் போறேன், உங்களுக்கு ஏதாவது வாங்கணுமா?" என்று ஒருவரிடம் நேரில் கேட்டுப் பாருங்கள்.

அதைவிட எனக்குப் பிடித்த வழி, நீங்களே முதலில் ஏதாவது கேட்பது. ஏணி, ஸ்க்ரூடிரைவர், எதுவானாலும். அந்தக்கால அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் தன்னை எதிர்த்த ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் அரிய புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, ஒரு வாரத்தில் நன்றிக் குறிப்போடு திருப்பினார். அதன்பின் அவர் நண்பராகிவிட்டார் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1969-இல் ஜெக்கர், லாண்டி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோதும், உதவி செய்தவர்களுக்கே பெற்றவர் மேல் பிரியம் கூடியிருந்தது. (வாங்கியதைச் சொன்ன நாளில் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் கதை வேறு!)

மூன்றாம் மாடிப் பெரியவர் முகம்கொடுத்துப் பேசவில்லை என்று வருந்தாதீர்கள். காது மந்தமாக இருக்கலாம், மனசு சரியில்லாமலும் இருக்கலாம். பார்க்கும்போது தலையசைத்துவிட்டு நகருங்கள். அவராகப் பேசும்வரை விட்டுவிடுங்கள்.