34 மில்லிமீட்டர் வாட்ச் ஆண் கைக்குச் சிறியதா?

கேள்வி: எனக்கு வயது 31, உயரம் 180 செ.மீ., மணிக்கட்டின் சுற்றளவு 17.5 செ.மீ. பத்து வருடமாக 44 மி.மீ. வாட்ச்தான் கட்டி வருகிறேன். முழுக்கைச் சட்டைக்கும் கோட்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று தேடியபோது, 34 மி.மீ. அளவில் சாவி கொடுக்கும் டிரஸ் வாட்ச் ஒன்றைக் கடையில் கட்டிப் பார்த்தேன். மெல்லிசாக இருந்தது. வெள்ளை டயல், இரண்டே முள். மிகவும் பிடித்துவிட்டது. கூட வந்த நண்பர், “லேடீஸ் வாட்ச் மாதிரி இருக்கிறது” என்றார். வாங்காமல் திரும்பிவிட்டேன். இரண்டு வாரமாக அதே நினைப்பாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்குங்கள். உங்கள் கைக்கு அது பாந்தமாக இருக்கும்.

நண்பர் மனதில் பட்டதைத்தான் சொல்லியிருக்கிறார். பத்து வருடமாக உங்கள் கையில் 44-ஐப் பார்த்துப் பழகிய கண் அது. 44-க்கும் 34-க்கும் வித்தியாசம் பத்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கண் குறுக்களவைப் பார்ப்பதில்லை, வட்டத்தின் பரப்பைப் பார்க்கிறது. பரப்பில் 34 மி.மீ. வாட்ச், 44 மி.மீ. வாட்சில் 60 சதவீதம்தான். கையிலிருந்து பாதி வாட்சைக் கழற்றி எடுத்த மாதிரி முதல் நாள் இருப்பது அதனால்தான். ஒரு வாரம், பத்து நாள் கட்டினால் கண் பழகிவிடும். அதற்குப் பிறகு பழைய 44-ஐ எடுத்துக் கட்டிப் பாருங்கள், அது ஒரு தட்டு மாதிரி தெரியும்.

‘லேடீஸ் வாட்ச்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். முதல் உலகப் போருக்கு முன்பு, கையில் கட்டுகிற எந்த வாட்சுமே பெண்களுக்கானது என்றுதான் பெரும்பாலான ஆண்கள் நினைத்தார்கள். அவர்களுடையது சட்டைப்பையில் சங்கிலியோடு கிடந்தது. போர்க்களத்தில் பையிலிருந்து எடுத்து மணி பார்க்க நேரமில்லாததால் அது மணிக்கட்டுக்கு வந்தது. அதற்கப்புறம் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆண்கள் வாட்ச் என்றால் பெரும்பாலும் 31 முதல் 36 மி.மீ.தான். டிரஸ் வாட்சுக்கே இலக்கணம் என்று சொல்லப்படும் படேக் பிலிப் காலட்ராவா, 1932-இல் முதலில் வந்தபோது சுமார் 31 மி.மீ. அது ஆண்களுக்காகச் செய்தது. 1945-இல் வந்த ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 36 மி.மீ., அன்றைக்கு அது பெரிய வாட்ச். 1972-இல் ஓடுமார் பிகே நிறுவனம் ராயல் ஓக்கை 39 மி.மீ.யில் கொண்டுவந்தபோது, அதன் பெரிய உருவத்துக்காகவே ‘ஜம்போ’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று 39 என்றால் நடுத்தர அளவு என்கிறோம். ஆண்களின் மணிக்கட்டு ஒன்றும் நடுவில் வளர்ந்துவிடவில்லை. 1990-களின் கடைசியில் பெரிய வாட்ச் மோகம் வந்தது, நம்முடைய தலைமுறை அதைப் பார்த்து வளர்ந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. 1989-இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ என்ற கறுப்பு டிஜிட்டல் வாட்சை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதன் அகலம் 35.2 மி.மீ.தான். உலகம் முழுக்க ஆண்கள் அதைக் கட்டுகிறார்கள், ஒருவரும் லேடீஸ் வாட்ச் என்று சொல்வதில்லை. ஆக, நம்மை உறுத்துவது அளவு மட்டும் இல்லை. மெல்லிய விளிம்பு, பளபளப்பு, தோல் ஸ்ட்ராப் எல்லாம் சேரும்போதுதான் நண்பர் சொன்ன எண்ணம் வருகிறது.

சரி, கைக்குப் பொருந்துகிறதா என்பதை எப்படிப் பார்ப்பது? பெட்டியில் போட்டிருக்கும் 34, 38, 40 என்ற எண்ணை ஓரமாக வையுங்கள். ஸ்ட்ராப்பைப் பிடித்துக்கொள்ள வாட்சின் மேலும் கீழும் இரண்டிரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு லக் என்று பெயர். மேல் லக்கின் நுனியிலிருந்து கீழ் லக்கின் நுனி வரை உள்ள நீளம்தான் கையில் உட்காரும் நீளம். கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, வாட்ச் கட்டுகிற இடத்தில் குறுக்காக ஸ்கேல் வைத்து அகலத்தை அளந்துகொள்ளுங்கள். உங்கள் சுற்றளவுக்கு 55 முதல் 60 மி.மீ. வரை வரும். 34 மி.மீ. வாட்சுக்கு லக் நீளம் பெரும்பாலும் 40-க்கும் 43-க்கும் நடுவில் இருக்கும். கையின் அகலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. என் கணக்கில் அது அருமையான பொருத்தம். லக்கின் நுனி கையின் ஓரத்தைத் தாண்டி அந்தரத்தில் நின்றால் வாட்ச் பெரிது. அகலத்தில் பாதிக்கும் கீழே போனால் சிறிது. ஒரே 35 மி.மீ. வாட்ச் ஒரு கம்பெனியில் பொடியாகவும் இன்னொன்றில் எடுப்பாகவும் தெரிவது இதனால்தான். நோமோஸ் டாங்கென்டே 35 மி.மீ. வாட்சைக் கட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதன் லக் நீளமானது, டயலைச் சுற்றியுள்ள விளிம்பு மிக ஒல்லியானது. சிறிய வாட்ச் கட்டிய உணர்வே வராது.

டயலும் கண்ணை ஏமாற்றும். வெள்ளை, கிரீம் நிற டயல் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும், கறுப்பு டயல் சுருங்கித் தெரியும். நீங்கள் பார்த்தது வெள்ளை என்பது உங்களுக்குச் சாதகம். ஸ்ட்ராப்பையும் கவனியுங்கள். 34-க்கு 18 மி.மீ. ஸ்ட்ராப் கம்பீரமாக நிற்கும். 16 என்றால் கொஞ்சம் நூல் மாதிரி ஒல்லியாகிவிடும். அந்த ஒன்றுதான் பல சிறிய வாட்சுகளைக் கெடுக்கிறது.

இனி, டிரஸ் வாட்சில் நான் எல்லாவற்றையும்விட மேலாகப் பார்ப்பது தடிமனை. நான் முதலில் வாங்கிய ‘ஃபார்மல்’ வாட்ச் 42 மி.மீ., தடிமன் 13 மி.மீ. டயல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் சட்டைக் கையின் பட்டனைப் போட்டால் வாட்சின் தலையில் கஃப் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மணி பார்க்க இரண்டு விரலால் துணியை இழுத்து விட வேண்டும். ஆறு மாதத்தில் இடது கஃப்பின் ஓரத்தில் நூல் பிரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. வலது கஃப் புதிதாகவே இருந்தது. அந்தச் சட்டையை அயர்ன் செய்யும்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. 7, 8 மி.மீ. தடிமன் என்றால் கையை நீட்டும்போது வாட்ச் தானாக வெளியே எட்டிப் பார்த்து, மடக்கும்போது உள்ளே போய்விடும். அந்த அசைவுக்காகத்தான் டிரஸ் வாட்ச் என்று ஒரு வகையே இருக்கிறது. பியாஜே நிறுவனம் 1957-இல் 2 மி.மீ. தடிமனில் சாவி கொடுக்கும் இயந்திரத்தைச் செய்ததும் வாட்சை மெல்லிசாக்கத்தான். ஆட்டோமேட்டிக்கில் தானாகச் சாவி ஏற்றும் சுழலி ஒன்று பொதுவாக மேலே உட்காரும், அதற்குத் தடிமன் கூடும். சாவி கொடுப்பதும் பேட்டரியும்தான் மெல்லிசுக்கு நல்லது. நீங்கள் சாவி கொடுப்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், நல்ல தேர்வு.

எல்லோருக்கும் 34 வாங்கு என்று சொல்ல மாட்டேன். சுற்றளவு 19.5 செ.மீ.க்கு மேல், முன்கையும் பருத்தவர் என்றால் 36 முதல் 38 வரை, லக் நீளமாக உள்ளதைப் பார்ப்பது நல்லது. வயது நாற்பதைத் தாண்டி, படிக்கக் கண்ணாடி தேவைப்படுகிறவருக்குப் பொடி எழுத்தும் தேதிக் கட்டமும் உள்ள சிறிய டயல் தினசரித் தொல்லை. அவர்கள் எண்ணே இல்லாத, கோடு மட்டும் போட்ட டயலாக எடுக்க வேண்டும்.

நீங்கள் மறுபடி கடைக்குப் போய், முழுக்கைச் சட்டையோடு கட்டி, ஆள் உயரக் கண்ணாடிக்கு முன்னால் ஆறடி தள்ளி நின்று பாருங்கள். குனிந்து கையைப் பார்ப்பதும் செல்போனில் போட்டோ எடுப்பதும் வேண்டாம். செல்போன் கேமராவைக் கிட்டத்தில் பிடித்தால் லென்சுக்கு அருகில் உள்ளது பெருத்துத் தெரியும். உடம்பு படத்தில் இருக்காது. மற்றவர்கள் பார்ப்பது முழு ஆளை. கண்ணாடியில் அந்தச் சின்ன வட்டம் உறுத்தாமல், கஃப்புக்கு அடியில் ஒரு கோடாகத் தெரிந்தால் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எனக்கும் சிறிய வாட்ச்தான் விருப்பம், ஆனால் ஆன்லைனில்தான் கிடைக்கிறது. கட்டிப் பார்க்காமல் எப்படித் தீர்மானிப்பது?

பதில்: விவரப் பட்டியலில் விட்டம், லக் நீளம், தடிமன், ஸ்ட்ராப் அகலம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். லக் நீளம் போடவில்லை என்றால் விற்பவருக்கு எழுதிக் கேளுங்கள்; அளந்து சொல்ல மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். தடிமனான அட்டையில் அந்த விட்டத்துக்கு வட்டமும், மேலும் கீழும் லக்கும் வரைந்து வெட்டி, பழைய ஸ்ட்ராப்பில் ஒட்டிக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். அரை நாள் அதோடு இருந்தால் போதும், அளவு மனதில் உட்கார்ந்துவிடும். செவ்வக வாட்சுக்கு இந்த வேலை கட்டாயம். கார்ட்டியே டாங்க் வாட்ச் ஒன்று 25.5 மி.மீ. அகலம் என்று படித்தால் குழந்தை வாட்ச் போலத் தோன்றும், நீளம் 33.7 மி.மீ. என்பதால் ஆண் கையில் அழகாக நிற்கிறது. அகலத்தை வைத்து வட்ட வாட்சோடு ஒப்பிட்டால் தப்பாகத்தான் முடியும்.

திருப்பிக் கொடுக்கும் விதியைப் பணம் கட்டும் முன் படியுங்கள். பெரும்பாலான இடங்களில் ஸ்டிக்கரைப் பிரித்துவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தோல் ஸ்ட்ராப்பில் பக்கிள் போட்ட மடிப்புத் தடம் விழுந்தாலும் அப்படியே. அதனால் முதல் நாள் பக்கிளைப் போடாமல், வாட்சைக் கைமேல் வைத்து மட்டும் பாருங்கள்.

கேள்வி: தாத்தாவின் 33 மி.மீ. வாட்ச் என்னிடம் வந்திருக்கிறது. தங்க முலாம் லக் ஓரத்தில் தேய்ந்து மஞ்சளாகப் பித்தளை தெரிகிறது, டயல் பழுப்பேறியிருக்கிறது. புது முலாம் போட்டு, டயலையும் புதுப்பித்துக் கட்டலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தால் அதிலிருந்த மெல்லிய எழுத்து தடித்துப்போகும், கோடுகள் கோணும், பழைய முகம் திரும்ப வராது. விலைமதிப்பும் இறங்கும். முலாம் போடுவதற்கு முன் கேஸை, அதாவது வாட்சின் உலோகக் கூட்டை, தேய்த்து மெருகேற்றுவார்கள். அதில் லக்கின் கூர்மையான விளிம்பு மழுங்கிவிடும். அந்தப் பித்தளை தெரிகிற இடம், தாத்தாவின் சட்டைக் கை வருடக்கணக்காக உரசிய இடம். அது அப்படியே இருக்கட்டும்.

உள்ளே இயந்திரத்தைச் சுத்தம் செய்து எண்ணெய் போடுவதற்குத்தான் செலவு செய்ய வேண்டும். காய்ந்த எண்ணெயோடு ஓட்டினால் பல்சக்கரத்தின் அச்சு தேயும், அதனால் சர்வீஸ் முடியும் வரை சாவி கொடுக்காதீர்கள். மேல் கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்தால் லேசான கீறலைப் பாலிஷ் பேஸ்ட் வைத்துத் துணியால் தேய்த்தே எடுத்துவிடலாம். புதிதாக ஒரு நல்ல தோல் ஸ்ட்ராப் வாங்கிப் போடுங்கள். 33 மி.மீ. உங்கள் கைக்குச் சிறிதாகத் தோன்றினால், ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் அடர்ந்த நிறத்தில், தையல் வெளியே தெரியாததாக எடுங்கள். வெளிர் டயல் தனியாக எழுந்து தெரியும்.

கேள்வி: என் டிரஸ் வாட்சின் பின்னால் 30 மீட்டர் என்று போட்டிருக்கிறது. நீச்சலுக்குக் கட்டலாமா?

பதில்: கூடாது. அது சோதனைக்கூடத்தில், அசையாத நிலையில் தாங்கிய அழுத்தத்தின் கணக்கு. கை கழுவலாம், மழைத்துளி படலாம். குளிக்கும்போதுகூடக் கழற்றி வைத்துவிடுங்கள், தோல் ஸ்ட்ராப்பும் பிழைக்கும்.