சேலத்தில் பலன் தந்த வேம், ஏற்காட்டில் எடுபடுமா?

கேள்வி: வாழப்பாடி பக்கம் குச்சிக்கிழங்குக்கு வேம் (VAM) என்ற வேர்ப் பூஞ்சை உரம் போட்டு நல்ல பலன் கண்டேன். இப்போது ஏற்காட்டில் பழைய காப்பித் தோட்டம் ஒரு ஏக்கர் வாங்கியிருக்கிறேன். அந்தக் குளிரில் இந்தப் பூஞ்சை பிழைக்குமா? இரண்டு மடங்காகப் போடணுமா?

பதில்: பிழைக்கும். இரண்டு மடங்கு வேண்டாம்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். மண் 15 டிகிரிக்குக் கீழே போனால் வேம் இழைகள் மெதுவாகத்தான் ஓடும். ஆனால் அது மார்கழி, தை இரவுகளின் கதை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை இந்தப் பூஞ்சைக்கு ஆகாத உயரமே இல்லை.

உயரத்தைவிட மண்தான் முக்கியம். கீழே பல வயல்களில் சுண்ணாம்பு மணிச்சத்தை (பாஸ்பரஸை) வேருக்குக் கிடைக்காமல் பிடித்து வைக்கிறது. மேலே அமில மண். அங்கே இரும்பும் அலுமினியமும் அதே வேலையைச் செய்கின்றன. வேம் இழைகள் மணிச்சத்தைத் தேடி வேருக்குக் கொண்டுவருவதால், காப்பிச் செடிக்கு வேம் துணை அவசியம். ஆனால் சுண்ணாம்பு மண்ணில் பழகிய பூஞ்சை இனம் அமில மண்ணில் திணறலாம். அந்த மலையிலேயே பழகிய இனத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அந்த மலை இனம் உங்கள் தோட்டத்திலேயே இருக்கும். நல்ல காய்ப்புள்ள ஒரு பழைய செடியின் அடியில் சருகை விலக்கிப் பாருங்கள். நூல் போன்ற வேர்கள் மேலாகவே ஓடும். ஒன்றை மெல்லத் தூக்கினால் மண் பொலபொலவென்று சிறு உருண்டைகளாக ஒட்டி வரும். அந்த மண்ணில் இரண்டு கைப்பிடி எடுத்து நாற்றுப்பைக் கலவையில் சேருங்கள். வாடல், வேர் முடிச்சு உள்ள செடியடி மண்ணைத் தொடவே வேண்டாம், நோயும் கூடவே வந்துவிடும். சருகின் மேல் தெரியும் வெள்ளைப் பூசணம் வேம் அல்ல. வேம் வேருக்குள் இருப்பது, கண்ணுக்குத் தெரியாது.

கடையில் வாங்கிய வேம் போடுவதானால் நாற்றுப்பைக்கு 5 முதல் 10 கிராம், வேர் தொடும் ஆழத்தில் போடுங்கள். வளர்ந்த செடிக்குக் கொட்டுவதைவிட நாற்றுக்குக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்புறம் ஒன்று. இலைத் துரு நோய்க்குப் பல வருடம் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த தாமிர மருந்து) அடித்த தோட்டமா என்று விசாரியுங்கள். சொட்டிச் சொட்டித் தாமிரம் மேல்மண்ணில் சேர்ந்திருந்தால் பூஞ்சைக்கு அது குளிரைவிடக் கேடு. அப்படியானால் நாற்றுக்குழியில் தொழு உரத்தைத் தாராளமாகப் போடுங்கள், சூப்பர் பாஸ்பேட்டைக் குறையுங்கள். மணிச்சத்து சும்மா கிடைத்தால் செடி பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துவிடும். நடவைத் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வைத்துக்கொள்ளுங்கள். குளிர் வருவதற்குள் வேர் பிடித்துவிடும்.