இணையப் பக்கம் அமைக்க எந்த மென்பொருள் வேண்டும்? – கேள்வி பதில்

சொந்தமாக ஓர் எளிய இணையப் பக்கம் அமைக்க முயல்வோர் அனுப்பிய கேள்விகளுக்கு, சிறு கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் பல ஆண்டுகளாகப் பக்கம் அமைத்துத் தருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருநெல்வேலி): இணையப் பக்கம் அமைக்க எந்த மென்பொருளை வாங்க வேண்டும்? ட்ரீம்வீவர் இல்லாமல் முடியாது என்று சீனியர் ஒருவர் சொல்கிறார்.

பதில்: பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் நோட்பேடும், இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் ஓர் உலாவியும் போதும். பக்கம் என்பது ஏதோ ஒரு மென்பொருளுக்குள் மட்டும் உயிர்வாழும் பொருள் என்ற எண்ணத்திலிருந்துதான் புதியவர்களின் பாதிக் குழப்பங்கள் பிறக்கின்றன. அது வெறும் எழுத்துக் கோப்பு. ‘இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு’ என்று உலாவிக்கு அடையாளம் காட்டும் குறிச்சொற்கள் இடையிடையே கலந்த எழுத்து, அவ்வளவே. அந்தக் குறிச்சொற்களின் தொகுதிக்குத்தான் எச்டிஎம்எல் என்று பெயர்.

பிறகு இத்தனை மென்பொருள்கள் ஏன் வந்தன என்று கேட்பீர்கள். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் உலாவியில், பக்கத்தைப் படிக்கும் சாளரத்திலேயே அதைத் திருத்தவும் முடிந்தது. 1993இல் வந்து உலகெங்கும் பரவிய மொசைக் என்ற உலாவியிலோ படிக்க மட்டுமே முடிந்தது. எழுதும் வசதி உலாவியை விட்டுப் போனதால் காலியான அந்த இடத்துக்குத்தான் ஃப்ரண்ட்பேஜ், ட்ரீம்வீவர் போன்றவை வந்து சேர்ந்தன. முன்னதை உருவாக்கிய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 1996இல் வாங்கியது. பின்னதை மேக்ரோமீடியா 1997இல் வெளியிட்டது, 2005இல் அந்நிறுவனத்தோடு சேர்த்து அடோபி வாங்கிக்கொண்டது. ஃப்ரண்ட்பேஜ் கைவிடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் அதில் செய்த எளிய பக்கம் ஒன்று உங்களிடம் இருந்தால் இன்றைய உலாவியில் திறந்து பாருங்கள், திறக்கும். கருவி போய்விட்டது, கோப்பு இருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களை நிர்வகிப்பவருக்கு ட்ரீம்வீவர் பயன்படலாம். உங்கள் சீனியர் ஒருவேளை அப்படிப்பட்டவராக இருக்கலாம்.

கேள்வி (தையற்கடை உரிமையாளர், ஈரோடு): நோட்பேடில் எழுதிச் சேமித்தேன். திறந்தால் பக்கம் தெரியவில்லை. நான் தட்டிய குறிச்சொற்களே அப்படியே எழுத்தாகத் தெரிகின்றன. நோட்பேடில் செய்ய முடியாது என்பது இதனால் உறுதியாகவில்லையா?

பதில்: உறுதியானது வேறொன்று. நீங்கள் ‘இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்’ என்று பெயர் வைத்திருந்தாலும் உங்கள் கோப்பின் உண்மையான பெயர் ‘இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்.டிஎக்ஸ்டி’. நோட்பேட் தன் வழக்கப்படி கடைசியில் டிஎக்ஸ்டி என்பதை ஒட்டிவிட்டது. விண்டோஸ் தன் வழக்கப்படி அதை உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. சேமிக்கும்போது பெயரை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் தட்டுங்கள், ஒட்டு வராது. அதைவிட முக்கியமாக, கோப்புறைச் சாளரத்தின் ‘வியூ’ பட்டியலில், கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியான எக்ஸ்டென்ஷன்களைக் காட்டும்படி அமைத்துவிடுங்கள். முழுப் பெயரையும் கண்ணால் பார்க்காமல் எந்தக் கோப்பையும் நம்பாதீர்கள். இதை இன்னும் சில இடங்களில் சொல்ல வேண்டிவரும் என்று நினைக்கிறேன்.

கேள்வி (தட்டச்சு நிலையம் நடத்துபவர், விருதுநகர்): வேர்டில் அழகாக வடிவமைத்து, ‘வெப் பேஜ்’ என்று தேர்ந்து சேமித்தால் போதாதா?

பதில்: உலாவியில் திறக்கும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதிய பத்து வரிகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். மற்றதெல்லாம் வேர்டு தன் நினைவுக்காக எழுதிவைத்துக்கொண்ட குறிப்புகள். ‘ஃபில்டர்டு’ என்ற வகையைத் தேர்ந்தால் அந்தச் சுமை ஓரளவு குறையும். இன்னொன்று, பக்கத்தில் படம் இருந்தால் வேர்டு அதைத் தனிக் கோப்புறை ஒன்றில் வைக்கிறது. அந்தக் கோப்புறையை விட்டுவிட்டுப் பக்கத்தை மட்டும் பதிவேற்றிவிட்டுப் படம் காணோம் என்று தேடியவர்கள் என்னிடம் வந்ததுண்டு. குறிச்சொற்களையே வேர்டில் தட்ட நினைப்போருக்கும் ஒரு சொல்: அது நேரான மேற்கோள் குறியைத் தானே வளைத்துவிடும். வளைந்த குறியை எச்டிஎம்எல் மேற்கோளாக ஏற்பதில்லை, உங்கள் இணைப்பு எங்கும் போய்ச் சேராது.

கேள்வி (அச்சகத்தார், சிவகாசி): எங்களிடம் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் அடித்த செய்திகள் இருக்கின்றன. அதே எழுத்துருவைப் பக்கத்தோடு இணைத்துவிட்டேன். என் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறைக்கு மாற வேண்டும் என்று எல்லோரும் சொல்வது வீண் வேலையல்லவா?

பதில்: ஐயா, தெரிவது தமிழ், இருப்பது தமிழ் அன்று. பாமினியில் நீங்கள் ‘தமிழ்’ என்று அடிக்கும்போது கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டிக் காட்டுகிறது. அச்சகத்துக்கு அது போதும். தாளில் விழுந்த மையைப் பார்த்து அடியில் என்ன எழுத்து இருந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. இணையப் பக்கத்தையோ மனிதக் கண் பார்ப்பதற்கு முன்பே தேடுபொறி படிக்கிறது. உங்கள் கடையின் பெயரை ஒருவர் தமிழில் தட்டித் தேடினால் உங்கள் பக்கம் அகப்படாது. அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் போகும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளையே வாசிக்கும்.

அதே அச்சகத்தார்: தேடுபொறி எனக்குத் தேவையில்லை, முகவரியை நானே வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுவேன். தவிர, யூனிகோடில் கொம்பு தள்ளிப் போவதும் எழுத்து சிதறுவதும் எனக்குத் தெரியும்.

பதில்: அந்தச் சிதறலைப் பழைய அச்சுப்பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் பார்த்திருப்பீர்கள், உங்கள் அனுபவம் பொய்யன்று. பாமினியில் ‘சென்னை’ என்று அடிக்கும்போது, கண்ணில் தெரியும் வரிசைப்படியே முதலில் கொம்பு, பிறகு ச. யூனிகோடிலோ முதலில் ச, பிறகு கொம்பு; திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அறியாத மென்பொருளில் கொம்பு அநாதையாக நிற்கும். இன்றைய உலாவிகள் அதை அறிந்தவை.

கேள்வி (தமிழாசிரியர், மதுரை): அச்சகத்தார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யூனிகோடு தமிழின் இயல்புக்கு ஏற்றதன்று; உயிர்மெய்க்குத் தனி இடமே தரவில்லை. அதற்குத் தனி இடம் தரும் டேஸ்-16 முறையில் பக்கம் அமைப்பதல்லவா சரி?

பதில்: ஆசிரியர் வந்து சேர்ந்ததால் இனி மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் வாதத்தின் முதற்பாதியை நான் மறுக்கவில்லை. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து இடம். யூனிகோடு எண்களைக் கோப்பில் எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் இடத்துக்கு 3 பைட்டு வீதம் 15 பைட்டு. டேஸ்-16 அதை மூன்றாகவே வைக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடோடு சேர்த்து அதையும் ஏற்றது. ஆனால் டேஸ்-16 அமர்ந்திருப்பது யாரும் தம் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ள யூனிகோடு ஒதுக்கிய தனிப்பயன் பகுதியில். அந்த இடத்தில் இருப்பது தமிழ் என்று உங்கள் மாணவரின் கைப்பேசிக்குத் தெரியாது. அதற்குரிய எழுத்துரு இல்லையென்றால் கட்டங்கள் மட்டும் தெரியும். எந்தக் குறியேற்றம், அதாவது எழுத்துக்கு எண் தரும் முறை, இலக்கணத்துக்கு நெருக்கமானது என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. நாளைக் காலை பக்கத்தைத் திறப்பவருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்பது என் கேள்வி. இதற்கு யூனிகோடு தவிர வேறு விடை இல்லை.

தமிழாசிரியர்: இப்படி எல்லோரும் ஒதுங்கிக்கொண்டால் மாற்றம் எப்படி வரும்?

பதில்: குறியேற்ற அவைகளில் வாதாடி வர வேண்டிய மாற்றம் அது. பள்ளியின் தேர்வு அட்டவணைப் பக்கத்தை அந்தப் போராட்டத்துக்குக் களமாக்க வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (இல்லத்தரசி, தஞ்சாவூர்): யூனிகோடில்தான் அடித்தேன். பக்கத்தில் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக இருக்கிறது. தோழியின் பக்கத்திலோ விநோதமான எழுத்துகள். இரண்டும் ஒரே கோளாறா?

பதில்: நல்ல கேள்வி, இரண்டும் வேறு. கேள்விக்குறி வந்தால் எழுத்து தொலைந்துவிட்டது. பழைய நோட்பேட், வேறு சொல்லாவிட்டால், தமிழுக்கு இடமில்லாத ‘ஆன்சி’ முறையில் சேமிக்கும். ஓர் எச்சரிக்கைச் சாளரம் வந்திருக்கும், நீங்கள் ‘ஓகே’ அழுத்தியிருப்பீர்கள். விண்டோஸ் 10இன் 2019 பதிப்பிலிருந்துதான் யூடிஎஃப்-8 இயல்பானது. உங்கள் பக்கத்தை மீண்டும் தட்டுவதைத் தவிர வழியில்லை. தோழியின் பக்கத்தில், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற குறியும் திரும்பத் திரும்ப வருகின்றனவா? அப்படியானால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, உலாவிதான் அதைத் தவறான முறையில் வாசிக்கிறது. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் அதே ஒரு பைட்டைக் கொண்டு தொடங்குவதால்தான் அந்த ‘ஏ’ ஓயாமல் தலைகாட்டுகிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்து எந்த முறையில் சேமிக்கப்பட்டது என்று உலாவிக்குச் சொல்லும் ‘மெட்டா சார்செட்’ குறிச்சொல்லை யூடிஎஃப்-8 என்று ஒரு வரியாகச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி (கணினி பயிலுநர், சேலம்): எந்த மென்பொருள் சிறந்தது?

பதில்: முதற்பதிலைப் படியுங்கள்.

கேள்வி (ஒளிப்படக் கலைஞர், ஊட்டி): வீட்டுக் கணினியில் படங்கள் தெரிகின்றன, பதிவேற்றிய பிறகு தெரியவில்லை. கோப்புகளை வைக்க இணையத்தில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் சரியில்லை என்று நினைக்கிறேன்.

பதில்: நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் கோப்பின் முழுப் பெயரைப் பாருங்கள். கேமரா தரும் பெயர் பெரும்பாலும் பெரிய ஆங்கில எழுத்துகளில் ‘ஜேபிஜி’ என்று முடியும். நீங்கள் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகக் கருதும். பக்கங்களை வைத்து வழங்கும் கணினிகளான சர்வர்களில் பெரும்பாலானவற்றில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் கருதாது. இந்த ஒரே பிழையில் ஒரு திருமண மண்டபத்தின் பக்கத்தை இரண்டு நாள் படமில்லாமல் நிற்கவைத்தவன் நான். பெயர் சரியாக இருந்தால், படத்தின் முகவரி ‘சி’ டிரைவில் தொடங்குகிறதா என்று பாருங்கள். உங்கள் ‘சி’ டிரைவை உலகம் பார்க்க முடியாது. மேலும், 4,000 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள படத்தைக் குறிச்சொல்லில் 300 என்று எழுதிச் சிறிதாக்கினால், சிறிதாவது தோற்றம் மட்டுமே. பார்ப்பவர் முழுக் கோப்பையும் இறக்கித்தான் தீர வேண்டும்.

கேள்வி (மளிகைக் கடைக்காரர், கும்பகோணம்): டொமைன் என்னும் இணைய முகவரிப் பெயர் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. பக்கம் எப்போது வரும்?

பதில்: நீங்கள் வாங்கியது கதவிலக்கம், வீடு இன்னும் கட்டப்படவில்லை. கோப்புகளை வைக்க ஹோஸ்டிங் இடம் தனியே வேண்டும். யார் அமைத்துத் தந்தாலும் டொமைன் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கட்டும். அமைத்தவரோடு மனத்தாங்கல் வரும் நாளில் இதன் அருமை தெரியும்.

கேள்வி (அதே கடைக்காரர்): பக்கத்திலேயே பணம் வாங்கினால் ஜிஎஸ்டி எப்படி?

பதில்: என் துறை அன்று. உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

கேள்வி (சிறுதொழில் முனைவோர், திருப்பூர்): தளம் அமைக்கும் வேர்ட்பிரஸ் இலவசம் என்கிறார்கள், பணமும் கேட்கிறார்கள். எது உண்மை?

பதில்: இரண்டும். 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம். எவரும் இறக்கித் தம் ஹோஸ்டிங்கில் நிறுவலாம், ஹோஸ்டிங்குக்குத்தான் செலவு. அதே பெயரில் முடிவு ‘டாட் காம்’ என்று வரும் தளம், நிறுவும் வேலையையும் தானே ஏற்கும் ஒரு சேவை. அதன் கூடுதல் வசதிகளுக்குக் கட்டணம் உண்டு. வாரம் தோறும் புதிதாக எழுதுவோருக்கு வேர்ட்பிரஸ் நல்ல துணை. ஆனால் அது பிஎச்பி என்ற நிரல்மொழி, தரவுத்தளம் இரண்டும் கேட்கும், இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டும் இருக்க வேண்டும். வேலை நேரம், முகவரி, நான்கு படம் என்று ஆண்டுக்கொரு முறை மாறும் பக்கத்துக்கு இது நாற்காலி ஒன்று செய்ய மர அறுவை ஆலை வாங்குவது போல.

கேள்வி (பெயர் வேண்டாம், கோவை): வலது கிளிக்கை முடக்கினால் என் பக்கத்தை யாரும் நகலெடுக்க முடியாதல்லவா?

பதில்: முடியும். பார்ப்பவரின் கணினிக்குக் கோப்பு ஏற்கெனவே போய்விட்டது. உலாவிக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் கடவுச்சொல் எழுதிப் பூட்டுவதும் அப்படியே. சாவியைக் கதவிலேயே மாட்டிவைக்கிறீர்கள்.

கேள்வி (பட்டதாரி, நாகர்கோவில்): செயற்கை நுண்ணறிவுச் செயலியே எழுதித் தரும்போது எந்த மென்பொருள் சிறந்தது?

பதில்: மீண்டும் அதே கேள்வி, புதுச் சட்டையில். அது எழுதித் தருவதும் எச்டிஎம்எல்தான். அதைச் சேமிக்கும்போது டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளாமல் பாருங்கள்.

கேள்வி (அச்சகத்தார், சிவகாசி): சரி, மாற்றுகிறேன். பன்னிரண்டு ஆண்டுச் செய்தியை மறுபடி தட்டவா?

பதில்: தேவையில்லை ஐயா. பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. பழைய பக்கத்தின் எழுத்தை நகலெடுத்து அதில் ஒட்டினால் கொம்பின் இடத்தையும் அதுவே சரிசெய்யும். முதலில் மூலக் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். மாற்றிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. ஆகவே தொலைபேசி எண்கள் மாறாமல் தப்பினாலும், மின்னஞ்சல் முகவரிகளும் ஆங்கிலப் பெயர்களும் பொருளற்ற தமிழாகிவிடும். அவற்றை மட்டும் முன்கூட்டியே தனியே எடுத்துவைத்துக்கொண்டு, பிறகு கையால் சேருங்கள்.