விரைகளை நீக்கினால் குரல் மாறாது. எலும்பைத்தான் கவனிக்க வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 66. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்து எலும்புக்கும் பரவியிருக்கிறது. இரண்டு விரைகளையும் எடுத்துவிடலாம், அல்லது மூன்று மாதங்களுக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொள்ளலாம், ஒரு வாரத்தில் முடிவைச் சொல்லுங்கள் என்றார் மருத்துவர். காயடித்த மாடுபோல் ஆகிவிடுவேனா? குரலும் தோற்றமும் பெண்ணைப்போல் மாறிவிடுமா? மனநிலை கெடுமா? மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது?

பதில்: குரல் மாறாது. பருவ வயதில் ஒரு முறை நீண்டு தடித்த குரல் நாண்கள் பிறகு சுருங்குவதில்லை. 18ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பெண்குரலில் பாடிய ஆண்கள், பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்ட சிறுவர்களாக இருந்தவர்கள். 66 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தாடியும் உதிர்ந்துவிடாது, மெல்ல அடர்த்தி குறைந்து, தினமும் செய்த சவரம் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை போதும் என்றாகலாம். மார்பும் உடல் முடியும் சிலருக்குச் சற்று மாறும். நீங்கள் பெண்ணாக மாறுவதில்லை. ஆண் ஹார்மோன் குறைந்த ஆணாக இருப்பீர்கள், அவ்வளவே.

புராஸ்டேட் புற்றுநோய்க்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் தீனி என்பதையும், அதை நிறுத்தினால் நோய் அடங்குகிறது என்பதையும் அறுவை மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த ஹார்மோனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விரைகளில்தான் சுரக்கிறது. சாதாரணமாக ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 300 முதல் 1000 நானோகிராம் வரை இருப்பது, அறுவைக்குப் பின் ஒரே நாளில் 50க்கும் கீழே இறங்கிவிடும். ஊசி அதே வேலையை மூன்று நான்கு வாரங்களில் செய்கிறது. ஆகவே ஊசி போட்டுக்கொண்டால் பக்கவிளைவிலிருந்து தப்பிக்கலாம் என்று எண்ணாதீர்கள். இரண்டிலும் விளைவு ஒன்றுதான். ஊசியை நிறுத்தினால் ஹார்மோன் திரும்பக்கூடும் என்பது ஒரு வேறுபாடு என்றாலும், நோய் பரவிய உங்களுக்கு அதை நிறுத்தும் வாய்ப்பு குறைவு. வழக்கமான ஊசிகளில் பெரும்பாலானவை முதல் ஓரிரு வாரங்கள் ஹார்மோனை ஏற்றிவிட்டுப் பிறகே இறக்கும் என்பதால், எலும்பில் நோய் உள்ளவருக்கு அதற்கு முன்பே ஒரு தடுப்பு மாத்திரை தர வேண்டும். அதைத் தருகிறார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கால்கள் மரத்துப்போனாலோ சிறுநீர் திடீரென அடைத்துக்கொண்டாலோ மறுநாள் வரை காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

உண்மையில் வருவது வேறு. பெரும்பாலானோருக்குப் பாலுறவு நாட்டம் குறைந்துவிடுகிறது, விறைப்பும் தளர்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்கு வருவதைப்போல, காரணமில்லாமல் கழுத்திலிருந்து முகம் வரை திகுதிகுவென்று சூடேறி, வியர்த்து, சில நிமிடங்களில் அடங்கும்; இது தாங்க முடியாததாக இருந்தால் மருந்து உண்டு. தசை குறையும், வயிற்றில் கொழுப்பு சேரும், சர்க்கரையும் சற்று ஏறும், இரத்தத்தில் ஹீமோகுளோபின் இறங்கிச் சோர்வு தட்டும். இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது எலும்புதான். முதல் ஆண்டிலேயே எலும்பின் அடர்த்தி கண்கூடாகக் குறையும். குளியலறையில் ஒரு வழுக்கல் இடுப்பெலும்பு முறிவில் முடியலாம். சிகிச்சை தொடங்கும் முன்பே எலும்பு அடர்த்திச் சோதனை எடுக்க வேண்டும். பல இடங்களில் எடுப்பதில்லை. எலும்பு முறிந்த பிறகுதான் அந்தச் சோதனைச் சீட்டை எழுதுகிறார்கள். கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள். நடைப்பயிற்சி மட்டும் தசையைக் காப்பாற்றாது.

மனநிலையைப் பொறுத்தவரை, புத்தி பேதலிப்பதில்லை. ஆனால் எரிச்சல், சட்டென்று கண்ணீர் வருதல், எதிலும் ஆர்வமின்மை ஆகியவை வரக்கூடும். அதில் ஒரு பங்கு ஹார்மோனால், ஒரு பங்கு ‘நான் இனி ஆணா’ என்ற கேள்வியால். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் மனைவியிடம் அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், முடிந்தால் அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்து வாருங்கள். பின்னால் நீங்கள் விலகிப் படுத்தால், காரணம் தெரியாதவர் தன்மீது வெறுப்பு என்றே எடுத்துக்கொள்வார். ஆசை குறைந்த பிறகும் அருகாமையை விடாத தம்பதியர் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

இனி ஒரு எச்சரிக்கை. இந்தச் சோர்வும் வெட்கமும் தெரிந்தே காத்திருக்கும் ஒரு கூட்டம் உண்டு. என்னிடம் வந்த ஒருவருக்குச் சிகிச்சை சரியாக இருந்தும் பி.எஸ்.ஏ. (நோயின் போக்கைக் காட்டும் இரத்தச் சோதனை) அளவு ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் முறை வந்தபோது சட்டைப் பையிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு சிறு டப்பாவை எடுத்தார். ‘ஆண்மை பெருக்கும் மூலிகை’ என்று மட்டும் அதில் அச்சிட்டிருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரியும் இல்லை. இப்படிப்பட்ட பொருட்களில் ஹார்மோனைக் கலந்திருந்தால் அது புற்றுநோய்க்கே தீனி. விறைப்புக்குத் தரும் சில்டெனாஃபில் மருந்தை மறைவாகக் கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை உண்பவருக்கு அது உயிராபத்து. ஊசியை வெளியே மலிவாக வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரையும் நம்பாதீர்கள். குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய ஊசியும் அவற்றில் உண்டு. அது எத்தனை மணி நேரம் பையில் கிடந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதைக் குழப்பிக்கொண்டு அழுபவர்கள் வாரந்தோறும் வருகிறார்கள். விரைப் புற்றுநோய்க்காகவோ, விரை முறுக்கிக்கொண்டதாலோ, அடிபட்டதாலோ ஒரு விரையை மட்டும் எடுப்பது வேறு. மற்றது நலமாக இருந்தால் அதுவே போதிய ஹார்மோனைச் சுரக்கும். மேலே சொன்ன எதுவும் பெரும்பாலும் வராது, குழந்தையும் பெறலாம். இரண்டையும் இழந்தவராக இருந்தாலும், புராஸ்டேட் புற்றுநோய் இல்லையென்றால் டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து ஈடுசெய்யலாம். உங்களுக்கு அது கூடாது. விந்துக் குழாயை மட்டும் வெட்டிக் கட்டும் கருத்தடை அறுவையையும் இதோடு சேர்க்காதீர்கள். அதில் ஹார்மோன் துளியும் குறைவதில்லை.

பரவிய நோய்க்குச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாதுதான். ஆனால் ஒரு வாரம் தந்தவர் அந்த வாரத்தில் ஒரு முறையாவது உங்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டாமா? அறுவை உடையை உடுத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவைத்து, தள்ளுவண்டியில் படுத்திருப்பவரிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முந்தைய நாளே படிவத்தை வாங்கிப் படியுங்கள். விரைப்பை வெறுமையாகத் தெரியுமே என்ற கூச்சம் இருந்தால், விரையின் வெளியுறையை விட்டுவைத்து உள்ளே சுரக்கும் திசுவை மட்டும் எடுக்கும் முறை ஒன்று உண்டு. வேண்டுமென்றால் அறுவை நாளுக்கு முன்பே அறுவை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், முழுதும் எடுத்த பிறகு அதைக் கேட்டுப் பயனில்லை.