ஈறு அழுகினால் பல்லைப் பிடுங்காதீர்கள், முதலில் ரத்தத்தைப் பாருங்கள்

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: கணவருக்கு 44 வயது, இரண்டு வாரமாக ஈறில் வலி, தானாகவே ரத்தம், தாங்க முடியாத வாடை, பல்லிடுக்குச் சதை அரித்துச் சாம்பல் நிறப் படலம். மெடிக்கலில் வாங்கிய மாத்திரைக்கு மூன்று நாள் அடங்குகிறது, அப்புறம் திரும்ப வருகிறது. எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு செட் கட்டலாமா?

வேண்டாம் அம்மா. இது ஈறு செத்து அழுகுகிற வகை போலத் தெரிகிறது, நேரில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். வாயில் எப்போதும் இருக்கிற கிருமிகள்தான், உடம்பு அசந்ததும் ஈறைத் தின்னத் தொடங்கும். முதல் உலகப் போரில் தூக்கமும் நல்ல சாப்பாடும் இல்லாமல் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்களுக்கு இது நிறைய வந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டுப் பீடியோடு ராத்திரி ராத்திரியாகக் காவல் கிடக்கிறவர்களிடமும் பார்த்திருக்கிறேன்.

அதனால் உடம்பு ஏன் அசந்தது என்று தெரிய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, ரத்த அணுக்கள், எச்ஐவி மூன்றையும் பார்க்க வேண்டும். கடைசிப் பெயரைக் கேட்டுக் கலங்காதீர்கள். இந்த ஈறு நோய் வந்தவர்கள் எல்லோருக்கும் எச்ஐவி என்று அர்த்தமில்லை. தூக்கம் கெட்டு, மனக்கவலையோடு புகைபிடிக்கிறவருக்கு, வேறு எந்த நோயும் இல்லாமலே இது வரும். திரும்பவும் சொல்கிறேன், வரும். அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், முடிவை ரகசியமாக வைக்க 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

அந்த மெடிக்கல் பொட்டலம்தான் எனக்குப் பெரிய கவலை. அட்டை இல்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரைகளில் பல சமயம் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கும். வலி, வீக்கம் சட்டென்று அடங்கும், ஆனால் எதிர்ப்பு சக்தியைக் குறைத்துச் சர்க்கரையையும் ஏற்றிவிடும், எந்த ஓட்டை வழியாக நோய் வந்ததோ அதையே பெரிதாக்கும். செட் கட்டுகிற போலி டாக்டர்களோ பிளாஸ்டிக்கை ஈறின் மேலேயே ஊற்றிப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடுகிறார்கள். கழற்றிக் கழுவ முடியாது, அடியில் அழுகல் தொடரும்.

பல் மருத்துவர் மரத்துப்போக மருந்து தடவி, அழுகலை மெதுவாகத் துடைத்தெடுப்பார். குளோர்ஹெக்சிடின் கொப்பளிக்கத் தருவார், காய்ச்சல் இருந்தால் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதுவார். அதைச் சாப்பிடும் நாட்களில் மது கூடவே கூடாது. வலி போய்விட்டது என்று நின்றுவிடாதீர்கள், வேர் வரை சுத்தம் செய்கிற வேலை அதற்குப் பிறகுதான்.

பல்லுக்கு ஒரு சீட்டு, ரத்தத்துக்கு வேறு வரிசை, ரிப்போர்ட்டுக்கு இன்னொரு நாள் என்று கூலிக்காரரை அலைய வைக்கிறார்கள். வாயும் உடம்பும் வேறு வேறா என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நீங்கள் நாளைக் காலையிலேயே கிளம்புங்கள், மிச்சமிருக்கிற பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.