வாசலில் பள்ளம், கல்லாவில் வறட்சி: கடைத்தெருக் கேள்விகளுக்குப் பதில்கள்

கடைத்தெருவில் சாலையைத் தோண்டும்போது வியாபாரத்தைக் காப்பாற்றுவது பற்றி வந்த கேள்விகள் இவை. சாலைப் பணியைத் திட்டமிடுவதும் கடைத்தெருப் பார்க்கிங்கும் என் துறை. அதற்குள் அடங்குவதற்கு விரிவாகவும் மற்றதற்குச் சுருக்கமாகவும் பதில் தருகிறேன். எல்லாருக்கும் பொதுவாக முதலிலேயே ஒரு வார்த்தை: நீங்களும் உங்கள் ஊழியர்களும் கடை வாசலில் வண்டி நிறுத்துவதை இன்றோடு விடுங்கள். காரணம் கீழே வரும்.

பாத்திரக்கடை: வணக்கம் மேடம். அடுத்த மாதம் எங்கள் தெருவில் சாக்கடைக் குழாய் மாற்றப் போகிறார்களாம். முதலில் நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் போட்டோ எடுங்கள். தரை, சுவர், ஷட்டர், வாசற்படி, பக்கத்துச் சுவரோடு சேரும் மூலை, எதையும் விட வேண்டாம். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். இயந்திரம் அதிரும்போது விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டினால் உங்கள் கையில் சான்று இருக்கும். வேலை ஆரம்பித்த பிறகு எடுத்த படத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அடுத்து, போன இரண்டு வருட விற்பனையை வாரவாரியாக எழுதி வையுங்கள். மாதக் கணக்கு இதற்குப் போதாது. உங்கள் கடை முன் பள்ளம் இருந்தது மூன்று வாரம்தான் என்றால், மாதக் கணக்கில் அந்த இழப்பு கரைந்துவிடும்.

மூன்றாவதாக, வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் பார்க்க வேண்டியவை நான்கு: குழாய் எவ்வளவு ஆழத்தில் போகிறது, ஒரே நேரத்தில் எத்தனை மீட்டர் திறந்து வைப்பார்கள், மேன்ஹோல் எங்கே வருகிறது, மண்ணையும் ஜல்லியையும் எங்கே கொட்டுவார்கள். மேன்ஹோல் உங்கள் வாசலுக்கு நேராக வந்தால், மற்ற கடைகளை விட உங்களுக்கு அதிக நாள் அடைப்பு இருக்கும். அதை இப்போதே தெரிந்துகொண்டு சரக்குக் கொள்முதலைக் குறையுங்கள்.

செருப்புக்கடை: இரண்டு மாதத்தில் முடியும் என்றார்கள். நாலு மாதம் ஆகிவிட்டது. எப்போதுதான் முடியும்?

தேதியை என்னால் சொல்ல முடியாது. வேலை ஏன் இழுக்கிறது என்று சொல்கிறேன், அதை வைத்து நீங்களே கணிக்கலாம். சாக்கடை நீர் சரிவில் தானாக ஓட வேண்டும், அதனால் அந்தக் குழாய் பெரும்பாலும் மற்ற எல்லாவற்றுக்கும் கீழே போகும், முதலில் போடப்படும். அதற்கு மேல் குடிநீர், பிறகு மின்சாரமும் தொலைபேசியும். குடிநீர்க் குழாயைப் புதைத்தவுடன் திறந்துவிட முடியாது. அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்க வேண்டும், குளோரின் விட்டுக் கழுவ வேண்டும், தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டு இணைப்பு, கடை இணைப்பு ஒவ்வொன்றாக மாறும். மூடிய பள்ளத்தை மறுபடி தோண்டுவது பெரும்பாலும் இந்த இணைப்புகளுக்காகத்தான். வரைபடத்தில் இல்லாத பழைய குழாய் ஒன்று தட்டுப்பட்டால் அந்த இடத்தில் எல்லாமே நிற்கும்.

மண் நிரப்புவதிலும் அவசரம் கூடாது. 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இடித்து இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மூடினால் முதல் மழையிலேயே உள்வாங்கும். கான்கிரீட் 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலுப் பெறும். முழு வலுவுக்குக் கணக்கிடுவது 28 நாள்.

ஆகையால் "எப்போது முடியும்" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "அடுத்த இரண்டு வாரத்தில் எந்தக் கடையிலிருந்து எந்தக் கடை வரை, என்ன வேலை" என்று சைட் இன்ஜினியரிடம் கேளுங்கள். அதற்கு அவரிடம் பதில் இருக்கும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன தேதியை நம்பிச் சரக்கு வாங்க வேண்டாம்.

ஹார்டுவேர் கடை: வேலை எப்போது முடியும் என்று யாரைக் கேட்பது?

மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

மருந்துக்கடை: வாசல் முன் ஒரு பலகையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். வயதானவர்கள் ஏறப் பயப்படுகிறார்கள் மேடம்.

பயப்படத்தான் செய்வார்கள். பலகை ஒன்றைக் குறுக்கே போட்டால் அது பாதை ஆகிவிடாது. கான்ட்ராக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: தடையில்லாத அகலம் குறைந்தது 1.2 மீட்டர், முடிந்தால் 1.5. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் கைப்பிடி. மிதிக்கும்போது ஆடாதபடி இரு முனையிலும் பிணைப்பு. சக்கர நாற்காலியின் சிறு சக்கரமும் ஊன்றுகோலும் மாட்டாதபடி, பலகைகளுக்கு நடுவில் 13 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. சரிவு 12-க்கு 1, அதாவது 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு. ஈரத்தில் வழுக்காத மேற்பரப்பு. இரவில் விளக்கு.

"பாதை சரியில்லை" என்று புகார் எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். "கைப்பிடி இல்லை, அகலம் 60 செ.மீ." என்று அளந்து, படத்தோடு கொடுங்கள். மருந்துக்கடைக்கு இன்னொன்றும் சொல்வேன்: தொலைபேசியில் மருந்துச் சீட்டின் படத்தை வாங்கி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒருவரை நிறுத்திக் கொடுத்தனுப்புங்கள்.

பேக்கரி: தூசி!

கான்ட்ராக்டரிடம் தண்ணீர் தெளிக்கும் நேரத்தை எழுத்தில் கேளுங்கள். உங்கள் பக்கம் கதவை மூடி வைத்து, ஈர மிதியடி போட்டு, ஏசி வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவுங்கள். திறந்த தட்டில் எதையும் வைக்காதீர்கள்.

துணிக்கடை: பத்து சதவீதத் தள்ளுபடி போடலாமா? கூட்டம் வருமா?

கணக்கைப் பாருங்கள். 100-க்கு விற்பதில் 30 உங்களுக்கு மிஞ்சுகிறது என்று வைப்போம். 10 தள்ளினால் மிஞ்சுவது 20. அதே மொத்த லாபம் வர, எண்ணிக்கையில் ஒன்றரை மடங்கு விற்க வேண்டும். தெரு அடைபட்டிருக்கும்போது ஒன்றரை மடங்கு எங்கிருந்து வரும்? ஆட்கள் வராதது விலையால் அல்ல. கடை திறந்திருக்கிறதா, எப்படி உள்ளே வருவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தள்ளுபடிக்குப் போகும் பணத்தை வழி காட்டுவதில் போடுங்கள்.

எங்கே வைப்பது? பலர் தங்கள் கடை மேலேயே "கடை திறந்திருக்கிறது" என்று பேனர் கட்டுகிறார்கள். அதைப் படிக்கும் தூரத்துக்கு வந்தவருக்கு அந்தச் செய்தி தேவையே இல்லை. வாடிக்கையாளர் திரும்பிப் போவது மாற்றுப்பாதை முனையில். பலகை இருக்க வேண்டிய இடமும் அதுதான், அனுமதி வாங்கி வையுங்கள். எழுத்து உயரம் 10 மீட்டர் தூரத்துக்கு 25 மி.மீ. என்ற விகிதத்தில் இருக்கட்டும். வண்டியில் போகிறவர் 60 மீட்டரில் படிக்க 150 மி.மீ. வேண்டும். கடைத்தெருவின் பெயர், அம்புக்குறி, தூரம், வண்டி நிறுத்தும் இடம், இவ்வளவு போதும். இருபது கடைப் பெயரையும் எழுதினால் ஒன்றையும் படிக்க முடியாது.

போனில் உள்ள வரைபடத்தையும் பாருங்கள். சாலை அடைப்பு என்று பதிவானால் அது உங்கள் தெருவையே தவிர்த்து வழி காட்டும். பின்வாசல் வழி என்றால் அதைக் கடைக் குறிப்பில் எழுதி, படமும் போடுங்கள். "தற்காலிகமாக மூடப்பட்டது" என்ற குறி தவறி விழுந்திருக்கிறதா என்று வாரம் ஒரு முறை சரிபாருங்கள்.

அதே துணிக்கடை: அதெல்லாம் சரி மேடம். எங்கள் வாடிக்கையாளரில் பத்துக்கு எட்டுப் பேர் காரில்தான் வருகிறார்கள். பார்க்கிங் போனதுதான் பிரச்சினை. வேறு எதைச் சொன்னாலும் பிரயோசனம் இல்லை.

பத்துக்கு எட்டு என்பதை எண்ணினீர்களா, தோன்றுகிறதா? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரக் கடைத்தெரு ஒன்றில் வியாபாரிகளிடமும் வாடிக்கையாளரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். அந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. 41 சதவீதம் பேர் காரில் வருவதாக வியாபாரிகள் நினைத்தார்கள். உண்மையில் வந்தவர்கள் 22. அரை மைலுக்குள் குடியிருப்பவர்கள் 12 சதவீதம் என்று நினைத்தார்கள், உண்மையில் 42. உங்கள் தெருவும் அப்படியே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வாரம் கல்லாவில் பில் போடும்போது "எதில் வந்தீங்க, எங்கேருந்து வந்தீங்க" என்று கேட்டு ஒரு தாளில் கோடு போடுங்கள். நடந்து வருகிறவர்தான் அதிகம் என்றால் நீங்கள் போராட வேண்டியது நடைபாதைக்காக.

புத்தகக்கடை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும் மேடம். அண்ணன் கடை ஊழியர் வண்டிகள்தான் காலையிலிருந்து ராத்திரி வரை எங்கள் வாசலில் நிற்கின்றன!

துணிக்கடை: அப்போ என் ஆட்கள் வண்டியைத் தலையிலா தூக்கிக்கொண்டு வருவார்கள்?

இரண்டு பேரும் சற்றுப் பொறுங்கள். முதலிலேயே சொன்ன எச்சரிக்கை இதுதான். கடை 10 மணி நேரம் திறந்திருக்கிறது, வாடிக்கையாளர் சராசரியாக 45 நிமிடம் நிற்கிறார் என்று வைப்போம். வண்டி எடுக்கும், வரும் இடைவெளியைக் கழித்தாலும் ஓர் இடத்தில் நாளுக்குப் பத்துப் பேர் நிறுத்தலாம். ஊழியர் வண்டி ஒன்று பகல் முழுதும் நின்றால் அந்தப் பத்துப் பேருக்கும் இடம் போனது. பன்னிரண்டு வண்டி என்றால் நூற்றிருபது பேர். இதை எந்தக் கான்ட்ராக்டரும் உங்களுக்குச் செய்யவில்லை.

சண்டை போடாமல் அளந்துவிடுங்கள். ஒரு தாளில் வரிசைக்கு ஓர் இடம், பத்திக்கு ஓர் அரைமணி நேரம். ஒவ்வொரு அரைமணிக்கும் தெருவில் நடந்து, நிற்கும் வண்டிகளின் கடைசி நான்கு எண்ணை எழுதுங்கள். ஒரு வார நாள், ஒரு விடுமுறை நாள், இரண்டும் வேண்டும். ஒரே எண் ஐந்து பத்திகளில் தொடர்ந்து வந்தால் அந்த வண்டி இரண்டு மணி நேரமாவது நின்றிருக்கிறது. எண்கள் யாருடையவை என்று வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் பாருங்கள், ஆனால் ஊரெல்லாம் சுற்றவிட வேண்டாம். கான்ட்ராக்டரின் ஆட்கள் வந்த வண்டிகளும், ஜல்லிக் குவியல் பிடித்திருக்கும் இடங்களும் அதில் தெரிய வரும். அவற்றை வேறிடம் மாற்றச் சொல்ல உங்களுக்கு நியாயம் கிடைக்கும். ஆனால் உங்கள் ஊழியர் வண்டிகளை நகர்த்திய பிறகு போய்க் கேளுங்கள்.

ஊழியருக்கு ஐந்து, ஏழு நிமிட நடையில் ஓர் இடத்தைச் சங்கம் வாடகைக்குப் பிடிக்கட்டும். இரவில் திரும்பும் பெண் ஊழியர்களுக்கு அந்த வழியில் விளக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் அங்கே நிறுத்த மாட்டார்கள்.

நகைக்கடை: பார்க்கிங்குக்குக் கட்டணம் போட்டால் எல்லாம் சரியாகும் என்பீர்கள் போல. பள்ளத்தையும் தோண்டி, காசும் கேட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள்!

கட்டணத்தை நான் முதல் மருந்தாகச் சொல்லவில்லை. இடம் நிரம்பி வழிகிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் சொன்ன அளவுகோல், இடங்களில் சுமார் 85 சதவீதம் நிரம்பியிருப்பது. 40 இடத்தில் 34 நிரம்பி 6 காலியாக இருந்தால், வருகிறவருக்குச் சுற்றாமல் இடம் கிடைக்கும். சான் பிரான்சிஸ்கோவில் 2011-இல் தொடங்கிய சோதனைத் திட்டத்தில் 60 முதல் 80 சதவீதத்தைக் குறியாக வைத்து, தெருவுக்கும் நேரத்துக்கும் ஏற்பக் கட்டணத்தைக் கூட்டியதோடு குறைக்கவும் செய்தார்கள். உங்கள் அளவெடுப்பில் 60-க்குக் கீழே வந்தால் கட்டணம் அனாவசியம். இடம் எங்கே என்று காட்டும் பலகைதான் தேவை. 95-க்கு மேல் நின்றால், முதலில் ஒரு மணி நேர வரம்பு, அதைக் கண்காணிக்க ஆள். அதுவும் போதாதபோதுதான் கட்டணம். அந்தப் பணம் அதே தெருவுக்குச் செலவாக வேண்டும். கலிபோர்னியாவின் பாசடீனா நகரின் பழைய கடைத்தெருவில் 1993-இல் பார்க்கிங் கட்டண மீட்டர் வைக்க எதிர்த்த வியாபாரிகள், வருமானம் அந்தப் பகுதியின் நடைபாதைக்கும் விளக்குக்குமே போகும் என்ற பிறகு ஒப்புக்கொண்டார்கள். பணம் பொதுக் கணக்கில் போய்ச் சேர்வதாக இருந்தால் நானும் உங்கள் பக்கம்தான்.

மளிகைக்கடை: லோடு வண்டி உள்ளே வர முடியவில்லை.

தனித்தனியாக ஏற்பாடு செய்யாதீர்கள். பக்கத்துத் தெருவில் ஒரே இறக்குமிடம், வேலை தொடங்கும் முன் காலையில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து டிராலி. காற்றடைத்த பெரிய சக்கரம் உள்ள டிராலி வாங்குங்கள், சின்னச் சக்கரம் ஜல்லியில் புதையும். சரக்கு அனுப்புகிறவருக்கு இடத்தின் படத்தையும் நேரத்தையும் முன்பே அனுப்பிவிடுங்கள்.

கண்ணாடிக்கடை: நஷ்ட ஈடு கிடைக்குமா?

சட்டம் இடத்துக்கு இடம் மாறும், வக்கீலைப் பாருங்கள். கேட்க வேண்டிய கேள்வி: பாதை முழுதும் அடைபட்டால் என்ன உரிமை, பாதி அடைபட்டால் என்ன உரிமை? சில நகரங்களில் தனி நிதி உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் மெட்ரோ ரயில் பணிக்காகத் தொடங்கிய நிதி, 25 ஊழியருக்கு மிகாத சிறு கடைகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை கொடுத்தது. எங்கே கேட்டாலும் பழைய விற்பனைக் கணக்கைக் காட்ட வேண்டியிருக்கும். வாரவாரியாக எழுதுங்கள் என்றது இதற்காகவும்தான்.

சைக்கிள் கடை: எங்களுக்கும் நஷ்ட ஈடு உண்டா?

இப்போதுதான் சொன்னேன்.

தையல்கடை: வேலை இன்னும் டெண்டருக்கே போகவில்லை. எங்களால் ஏதாவது செய்ய முடியுமா?

இன்று வந்ததில் மிக நல்ல கேள்வி இது. எல்லாவற்றையும் மாற்ற முடிவது இப்போதுதான். ஒப்பந்தத்தில் எழுதாத எதையும் பிறகு கேட்டால் அது "கூடுதல் வேலை", கூடுதல் பணம். எழுதச் சொல்ல வேண்டியவை: ஒரே நேரத்தில் திறந்திருக்கும் பள்ளத்தின் நீளத்துக்கு வரம்பு, உச்ச விற்பனைக் காலத்தில் புதுப் பள்ளம் இல்லை, ஒவ்வொரு கடைக்கும் திறந்திருக்கும் நேரம் முழுதும் நடைவழி, நான் மேலே சொன்ன அளவோடு, ஆட்களின் வண்டிக்கும் பொருளுக்கும் கடைத்தெருவுக்கு வெளியே இடம், தாமதத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்ற பிடித்தம், வாரம் ஒரு முறை வியாபாரிகளோடு இருபது நிமிடக் கூட்டம். கூட்டத்துக்கு உங்கள் பக்கம் ஒரே ஒரு பேச்சாளர் போகட்டும். இருபது பேர் இருபது விதமாகக் கத்தினால் இன்ஜினியர் போனை எடுப்பதை நிறுத்திவிடுவார். யார் பேசுவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

வாட்ச் கடை: வாடகை கொடுக்கவே பணம் இல்லை. வங்கியில் கேட்கலாமா?

தவணை தவறும் முன் கேளுங்கள். அடுத்த 13 வாரத்துக்கு வரவு, செலவு, கையிருப்பு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாடகையைத் தள்ளி வைக்க உரிமையாளர் ஒப்புக்கொண்டால் கையெழுத்தோடு வாங்குங்கள். கடன் எடுப்பது பற்றி உங்கள் கணக்காளரிடம் பேசுங்கள், அது என் துறை இல்லை.

பொம்மைக்கடை: வாசலில் என் ஸ்கூட்டர் ஒன்றை மட்டும் நிறுத்தலாமா?

கூடாது.

ஸ்டேஷனரி கடை: அடுத்த வாரம் தார் போடுகிறார்கள். இனி கவலை இல்லைதானே?

கவலைப்பட வேண்டிய வாரம் இதுதான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதிதாகப் போட்டால் சாலை உயர்ந்து, மழைத்தண்ணீர் உங்கள் கடைக்குள் வரும். வாசற்படியின் மேல் விளிம்பிலிருந்து சாலை ஓரம் வரை நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, இப்போதைய உயர வித்தியாசத்தை அளந்து படம் எடுங்கள். முடிந்த பின் சாலை எந்த மட்டத்தில் இருக்கும் என்று இன்ஜினியரிடம் எழுத்தில் கேளுங்கள். வடிகால் வாய் தாருக்கு அடியில் மூடிப் போகாமல் பாருங்கள். தார் போட்ட அன்றே ஒரு வாளித் தண்ணீரை வாசலில் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். உங்கள் பக்கம் ஓடினால் ரோலர் தெருவை விட்டுப் போகும் முன் கூப்பிடுங்கள்.