கூட்டத்தை விடுங்கள், வேலையைக் கொடுங்கள்

உங்கள் ரயில் வரலாற்றுச் சங்கத்தில் அறுபது வயதுக்குக் கீழே ஆளே இல்லை, ஸ்லைடு காட்டியும் இளைஞர்கள் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு ரயில் பிடிக்காமல் இல்லை. இரண்டு மணி நேரம் சும்மா உட்காரத்தான் பிடிக்கவில்லை. கணினியில் ரயில் ஓட்டும் சிமுலேட்டர் விளையாட்டில் பழைய பாதைகளை உருவாக்குபவர்கள் தண்டவாள வரைபடம், சிக்னல் படம், கால அட்டவணை என்று தேடி அலைகிறார்கள். அதெல்லாம் உங்கள் அலமாரியில்தானே தூங்குகிறது? ஸ்கேன் செய்ய அவர்களையே கூப்பிடுங்கள். கைவிடப்பட்ட தடங்களை ஓப்பன்ரயில்வேமேப் என்ற இணைய ரயில் வரைபடத்துக்காகக் குறிக்கும் வேலையும் இருக்கிறது. வேல்ஸின் டாலிலின் ரயில்வேயை 1951 முதல் தன்னார்வலர்கள் ஓட்டுகிறார்கள். அங்கே ஆட்களை இழுத்தது வேலைதான், கூட்டமல்ல. அப்புறம், வந்தவர் புகைப்படத் தேதியைத் திருத்தினால் பெரியவர்கள் முறைக்கக் கூடாது. எங்கள் சங்கத்தில் ஒரு நல்ல பையனை அப்படித்தான் இழந்தோம்.